மக்கள் வாய்மொழிக்கு வாழ்நாள் ஈந்தவர் - சர் ஜார்ஜ் கிரியர்சன்

தமிழ் கற்றோர் கால்டுவெல்லை மறப்பதில்லை. 1856 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தென்னாட்டு மொழிகள் தமக்கெனத் தனிக்குடும்பம் உடையவை என்பதை உலகறியச் செய்தது. அப்பெரியார் பிறந்த நாடு அயர்லாந்து. அந்நூல் வெளிவந்த ஆண்டில், அதே அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு அருகே ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வளர்ந்து வந்தான். விந்தியத்துக்கு வடக்கே வழங்கும் மொழிகளுக்கு, கால்டுவெல்லின் பணியை ஒத்ததும் அளவில் அதனினும் பன்மடங்கு பெரியதுமான பணியைப் பின்னாளில் செய்து முடிக்கவிருந்த சிறுவன் அவன். ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன் என்பது அவன் பெயர்.

வடநாட்டு மொழி என்றவுடன் நம்மில் பலருக்குச் சமஸ்கிருதம் நினைவுக்கு வரும். அடுத்து இந்தி நினைவுக்கு வரும். ஆனால் கங்கைக் கரையில் ஏர் பிடித்த உழவனும், மிதிலையில் திரிகை சுற்றிய பெண்ணும், காஷ்மீரத்தில் செக்கோட்டிய தொழிலாளியும் பேசியவை இவ்விரண்டும் அல்ல. மைதிலி, மகஹி, போஜ்புரி, அவதி, மார்வாரி, காஷ்மீரி எனப் பற்பல மொழிகள் அவர்கள் நாவில் வாழ்ந்தன. பண்டிதர் அவற்றுட் பலவற்றைக் கொச்சை என்றனர். அலுவலகங்கள் அவற்றைக் கணக்கில் கொள்ளவில்லை. இந்தோ-ஆரியம் என்று மொழிநூலார் அழைக்கும் பெருங்குடும்பத்தின் உயிருள்ள கிளைகள் இவையே என்று கண்டு, அவற்றைக் கேட்டு, எழுதி, வகுத்து வைத்தவர் கிரியர்சன். பேச்சின் உயிர்ப்பை நம்பிக் கவிதை எழுதுவோர் கூடியிருக்கும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அப்பெருமகனாரின் வரலாற்றை நினைப்பது பொருத்தமுடையதே.

அச்சகத்துக் குடும்பம்

கிரியர்சன் 1851 சனவரி 7 ஆம் நாள் கிளெனகீரி என்னும் ஊரில் பிறந்தார். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அச்சுத் தொழில் செய்து வந்த குடும்பம். அயர்லாந்தில் அரசாங்க அச்சகத்தார் என்னும் உரிமை அவர்களுக்கு இருந்தது. எழுத்தும் தாளும் மையும் பிறந்த வீட்டிலேயே பழகியவை ஆயின.

டப்ளின் திரித்துவக் கல்லூரியில் அவர் முதலில் விரும்பிக் கற்றது கணிதம். இந்திய ஆட்சிப் பணிக்கான தேர்வு அவரை மொழிகளின் பக்கம் திருப்பியது. அக்கல்லூரியில் அப்போது ராபர்ட் அட்கின்சன் என்னும் பேராசிரியர் சமஸ்கிருதம் கற்பித்தார். மீர் அவ்லாத் அலி என்னும் இந்தியர் அங்கே இந்துஸ்தானி முதலிய மொழிகளைப் பயிற்றுவித்து வந்தார். கிரியர்சன் சமஸ்கிருதத்திலும் இந்துஸ்தானியிலும் பரிசுகள் பெற்றார். இந்தியாவின் மக்கள் மொழிகளில் மனம் செலுத்தும்படி அவரைத் தூண்டியவர் அட்கின்சனே. கணிதம் கற்பித்த ஒழுங்கும் மொழி கற்பித்த ஆர்வமும் ஒருவரிடம் கூடியதன் பயனைப் பின்வந்த ஐம்பது ஆண்டுகள் காட்டின.

ரங்கபுரியும் மிதிலையும்

1873 ஆம் ஆண்டில் அவர் வங்க மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார். ஆட்சிப் பணியாளர்களுக்கு வரியும் வழக்கும் கலகமுமே வேலை. மொழி ஆய்வு அவர்களுக்கு இடப்பட்ட கடமை அன்று. ஓய்வு நேரத்தில்தான் செய்தாக வேண்டும். இன்றைய வங்கதேசத்தின் வடபகுதியில் உள்ள ரங்கபுரியில் பணியாற்றியபோது, அம்மாவட்டத்து மக்கள் பேச்சைப் பற்றிக் குறிப்புகள் எழுதினார். அங்கே யோகியர் என்னும் பாடகர் கூட்டத்தார் பாடி வந்த மாணிக்கச் சந்திரன் கதைப்பாடலைக் கேட்டு எழுதி, 1878 இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். நாட்டைத் துறந்து துறவு பூணும் கோபிச்சந்திரன் என்னும் அரசனையும், அவனைத் துறவுக்கு அனுப்பும் தாயையும் பற்றிய கதை அது. எந்த அரசவையும் போற்றாத பாடகர்களின் பாட்டை அறிஞர் இதழின் பக்கங்களில் ஏற்றியது, அவர் செல்லவிருந்த வழியை முன்னரே காட்டிவிட்டது.

பின்னர் அவர் வடபீகாரத்துக்கு, பண்டை மிதிலை நாட்டுக்கு, மாற்றப்பட்டார். மதுபனியில் உட்கோட்ட அதிகாரியாக இருந்தார். அங்கே அவர் எதிர்கொண்டது மைதிலி மொழி. அம்மொழியின் பெருங்கவிஞர் வித்யாபதி. கண்ணனையும் ராதையையும் பாடிய அவர் பாடல்கள் வங்க வைணவர் நாவில் நூற்றாண்டுகளாக வழங்கி, மெல்ல மெல்ல வங்கச் சாயல் ஏறிவிட்டன. அவரை வங்கக் கவிஞர் என்றே பலர் எண்ணினர். அவர் மிதிலையைச் சேர்ந்தவர் என்பதை 1875 இல் வங்க அறிஞரான ராஜகிருஷ்ண முகோபாத்யாயரே நடுநிலையோடு எடுத்துக்காட்டினார். கிரியர்சன் அடுத்த அடியை எடுத்துவைத்தார். மிதிலையில் வித்யாபதி பாடல்களை இன்னும் பாடிக்கொண்டிருந்தோரிடம் கேட்டுத் தொகுத்து, 1881-82 இல் தாம் வெளியிட்ட மைதிலி இலக்கணத்தோடும் சொல்லடைவோடும் சேர்த்து அச்சிட்டார். ஒரு கவிஞர் தம் சொந்த மொழியின் உருவிலேயே அச்சேறினார்.

அந்தத் தொகுப்பில் வித்யாபதி மட்டும் இடம்பெறவில்லை. துசாத் என்னும் எளிய மக்கள் தெய்வமாகக் கொண்டாடும் சல்ஹேஸ் என்ற வீரனின் கதையும் அதில் இருந்தது. பின்னர் 1885 இல், முசஹர் என்னும் ஒடுக்கப்பட்ட சமூகத்தார் போற்றும் தீனா, பத்ரி என்னும் இரு உடன்பிறந்தாரின் பாடலை ஜெர்மானியக் கீழ்த்திசைக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அரசவைப் புலவரையும் சேரிப் பாடகரையும் அவர் ஒரே கையால் எழுதினார். இருவரும் ஒரே மொழியின் செல்வம் என்பதே அவர் கொண்ட முடிவு.

மதுபனியில் அவர் பெயரால் ஒரு கடைத்தெரு விளங்குகிறது. கிரியர்சன் என்பது அவ்வூர் மக்கள் வாயில் கிலேசன் என்று திரிந்துவிட்டது. ஒலித்திரிபுகளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவரின் பெயரையும் அத்திரிபு விட்டுவைக்கவில்லை.

உழவர் வீட்டுச் சொற்கள்

1885 இல் அவர் வெளியிட்ட பீகார் உழவர் வாழ்க்கை என்னும் நூல் வியப்புக்குரியது. அரசாங்கம் வேண்டியது உழவுச் சொற்களின் பட்டியல். கிரியர்சன் தந்தது ஒரு நாட்டின் முழு வாழ்க்கை. கலப்பை, ஏற்றம், கரும்பாலை, செக்கு, வண்டி, தறி, அடுப்பு, அணிகலன், திருமணம், கடன் என ஒவ்வொன்றையும் நேரிற் கண்டு, அதன் உறுப்புகளின் பெயர்களை மக்களிடமே கேட்டுப் பதிவு செய்தார். நம்மூர் உழவர் மேழி, கொழு, ஏர்க்கால், நுகத்தடி என்று உறுப்புக்கு ஒரு பெயர் சொல்வது போலவே அங்கும் சொல்வர். ஆனால் கங்கைக்குத் தெற்கே ஒரு பெயர், வடக்கே வேறு பெயர், மேற்கே மற்றொன்று. அத்தனை வேறுபாடுகளும் ஊர்வாரியாக அந்நூலில் உள்ளன. கருவிகள் மறைந்தபின்னும் அவற்றின் பெயர்கள் மறையாமல் நிற்பது இத்தகைய நூல்களால்தான்.

1883 முதல் 1887 வரை, பீகாரின் கிளைமொழிகளுக்கு ஏழு இலக்கணங்களை அவர் எழுதி வெளியிட்டார். ஆயர்கள் பாடும் பிரஹா என்னும் பாடல்களையும், திரிகை சுற்றும்போது பெண்கள் பாடும் பாடல்களையும் இலண்டன் ஆசியக் கழக இதழில் பதிப்பித்தார். பிரஹா என்பது விரகம் என்னும் சொல்லின் திரிபு. நம் அகப்பாடல்களுக்கு உரிய பிரிவுத் துயரம், அங்கே மாடு மேய்ப்பவனின் பாட்டுக்குப் பெயராகிவிட்டது.

இப்பிரிவு வெறும் பாடற்பொருளாக மட்டும் இருக்கவில்லை. அக்காலத்தில் போஜ்புரி பேசும் மாவட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணும் ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸ், டிரினிடாட், கயானா, சுரினாம், பிஜி ஆகிய நாடுகளுக்குக் கப்பலேறினர். வங்க மாகாணத்திலிருந்து நிகழ்ந்த இக்குடிபெயர்வை ஆராய்ந்து 1883 இல் அரசுக்கு அறிக்கை தந்தவரும் கிரியர்சனே. குடிபெயர்வை நிறுத்தச் சொல்லும் அறிக்கை அன்று அது. அதைச் சீர்ப்படுத்தும் நோக்குடையது. எந்த மக்களின் பாடல்களை அவர் காதலோடு எழுதினாரோ, அந்த மக்களைக் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பிய அரசின் அலுவலராகவும் அவரே இருந்தார். பின்னாளில் பீகாரின் அபினி முகவர் என்னும் பதவியையும் வகித்தார். இம்முரண்பாட்டை மறைத்து அவர் வரலாற்றை எழுதுவது முறையாகாது. போஜ்புரியோ கடல் கடந்தும் அழியவில்லை. சுரினாமிலும் மொரீஷியஸிலும் அது புதிய உருவெடுத்து வாழ்ந்தது.

1889 இல் இந்துஸ்தானத்தின் தற்கால மொழி இலக்கியம் பற்றிய வரலாற்று நூலை வெளியிட்டார். 952 புலவர்களைப் பற்றிய குறிப்புகள் அதில் உள்ளன. சிவசிங் செங்கர் என்பார் 1878 இல் இந்தியில் தொகுத்த புலவர் திரட்டு இதற்குப் பெரிதும் உதவியது. சமஸ்கிருதத்தை மட்டுமே இலக்கியம் எனக் கருதிய ஐரோப்பிய அறிஞர்களுக்கு, துளசிதாசரும் மாலிக் முகம்மது ஜாயசியும் எத்தகைய பெருங்கவிஞர்கள் என்பதை எடுத்துரைத்தவர் அவர். ஜாயசியின் பதுமாவதி காப்பியத்தைக் காசிப் பண்டிதர் சுதாகர் துவிவேதியுடன் சேர்ந்து பதிப்பித்தார்.

வியன்னாவில் எழுந்த குரல்

1886 ஆம் ஆண்டு வியன்னா நகரில் கீழ்த்திசை அறிஞர்களின் ஏழாவது உலக மாநாடு கூடியது. இந்தியாவின் மொழிகள் அனைத்தையும் முறையாக அளந்தறிய வேண்டும் என்னும் கருத்தைக் கிரியர்சன் அங்கே முன்வைத்தார். பூலர், வேபர் போன்ற பேரறிஞர்கள் அதனை ஆதரித்தனர். நிலத்தை அளக்கும் அரசு, மொழியை அளக்க எளிதில் முன்வரவில்லை. பேச்சுகள் நீண்டு, 1894 இல்தான் இசைவு கிடைத்தது. 1898 இல் கிரியர்சன் அதன் கண்காணிப்பாளரானார். சென்னை மாகாணமும், ஐதராபாத், மைசூர்ச் சமஸ்தானங்களும், பர்மாவும் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. தமிழின் தாயகம் இவ்வாறு விடுபட்டது. எனினும் 1906 இல் வெளிவந்த நான்காம் தொகுதி முண்டா, திராவிட மொழிகளுக்கென்றே அமைந்தது. நார்வே நாட்டறிஞர் ஸ்டென் கோனோ அதனை எழுதினார். எல்லைக்குட்பட்ட நிலங்களில் அலைந்து வாழ்ந்த குறவர், கைக்காடி முதலிய சமூகத்தாரின் பேச்சு வடிவங்களும் தமிழோடு சேர்த்து அதில் ஆராயப்பட்டன.

ஒரு கதை, பல வாய்கள்

இத்துணை மொழிகளையும் ஒப்பிடுவது எவ்வாறு? ஒவ்வோர் இடத்திலிருந்தும் மூன்று மாதிரிகள் கேட்கப்பட்டன. முதலாவது, விவிலியத்தில் வரும் கெட்ட குமாரன் உவமையின் மொழிபெயர்ப்பு. தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றும், வேற்றுமைகளும், முக்காலங்களும் அச்சிறு கதைக்குள் அடங்கியிருப்பதே அதனைத் தேர்ந்த காரணம். இந்திய மக்கள் மனம் கோணாதவாறு சிற்சில சொற்கள் மாற்றப்பட்டன. இரண்டாவது, அவ்வூரார் ஒருவர் தம் வாயாற் சொன்ன கதையோ பாட்டோ செய்தியோ. மூன்றாவது, எல்லா இடங்களுக்கும் பொதுவான சொற்களும் தொடர்களும் அடங்கிய பட்டியல்.

முதல் மாதிரியின் குறை கிரியர்சனுக்குத் தெரியும். மொழிபெயர்ப்பவன் மூலத்தின் நடையில் வழுக்கி விழுவான். தன் இயல்பான பேச்சை மறப்பான். அதனாலேயே இரண்டாவது மாதிரியை வற்புறுத்தினார். ஊர்ப்பஞ்சாயத்து வழக்கு, பஞ்சக் காலத்து முறையீடு, நரியும் புலியும் பேசும் கதை, தாலாட்டு என இவற்றை எழுதுவித்தபோது அவற்றில்தான் மொழியின் உண்மையான மூச்சு கேட்டது.

மொழிகளுக்குப் பெயர் காண்பதே பெருந்தொல்லையாயிற்று. நாட்டுப்புறத்தவன் ஒருவனிடம் அவன் மொழியின் பெயரைக் கேட்டால் அவனுக்குத் தெரியாது. அவன் பேசுவது பேச்சு. அதற்கு ஏது பெயர்? தொலைவிலுள்ள அயலூரார் பேச்சுக்கு மட்டும் அவனிடம் பெயர் உண்டு. ஆகவே மொழிகளின் பெயர்களிற் பல அண்டை வீட்டார் இட்ட பெயர்களாகவே இருந்தன. சில பெயர்களைக் கிரியர்சனே இட்டார். மைதிலி, மகஹி, போஜ்புரி மூன்றையும் சேர்த்துப் பிகாரி என்றார். மேலைப் பஞ்சாபின் பேச்சுகளை, மேற்கு என்று பொருள்படும் லஹந்தா என்னும் சொல்லால் குறித்தார். அவற்றைப் பேசியோர் எவரும் தம் மொழியை அப்பெயரால் அழைத்ததில்லை.

மொழி எது, கிளைமொழி எது என்பதும் விடை காணற்கரிய வினாவே. மலைக்கும் குன்றுக்கும் உள்ள வேறுபாடு போன்றது அது என்று அவர் விளக்கினார். இமயத்தை மலை என்பதில் ஐயமில்லை. சிறுமேட்டைக் குன்று என்பதிலும் ஐயமில்லை. இடைப்பட்டவற்றை என்னென்று சொல்வது? எனினும் எண்ணியாக வேண்டியிருந்தது. அவர் கண்ட முடிவு 179 மொழிகள், 544 கிளைமொழிகள். 1903 முதல் 1928 வரை 11 தொகுதிகளாக, அவற்றுட் பல பல பாகங்களாக, இந்திய மொழியளவை வெளிவந்தது. அதிற் பாதிக்கு மேற்பட்ட இடத்தை இந்தோ-ஆரிய மொழிகளே கொண்டன.

ஆய்வு நடந்த காலத்திலேயே ஒலித்தட்டும் வந்துவிட்டது. 1913 முதல் 1929 வரை, மாகாண அரசுகளின் துணையோடு தொண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள், கிளைமொழிகளின் பேச்சும் பாட்டும் தட்டுகளிற் பதிவாயின. எழுத்துக்கு அகப்படாத ஓசையும் இழுவையும் அவற்றில் தங்கின. பேசியவர்கள் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது; அவர்கள் குரல் மட்டும் இருக்கிறது.

கண்டதும் தவறியதும்

இந்தோ-ஆரிய மொழிகளின் வரலாற்றை ஒரு சொல்லைக்கொண்டே காட்டலாம். கை என்பது சமஸ்கிருதத்தில் ஹஸ்தம். பிராகிருதத்தில் அது ஹத்த என்றாயிற்று. இந்தியில் ஹாத், வங்கத்திலும் மராத்தியிலும் ஹாத் என்பதற்கு நெருங்கிய ஒலிகள், பஞ்சாபியில் ஹத்து. பிராகிருத நிலையிலேயே தமிழுக்குள் வந்த வடிவம் நம் நிகண்டுகளில் அத்தம் என நிற்கிறது. சமஸ்கிருதத்திலிருந்து பிராகிருதம், பிராகிருதத்திலிருந்து அபப்பிரம்சம், அதிலிருந்து இன்றைய மொழிகள் என நடந்த இம்மாற்றத்தைச் சிதைவு என்றனர் பலர். கிரியர்சன் வளர்ச்சி என்றே கண்டார். கொச்சை எனப்பட்டதற்கு ஒழுங்கான இலக்கணம் உண்டென ஒவ்வொரு தொகுதியிலும் மெய்ப்பித்தார்.

ஆனால் அவர் தவறிய இடமும் உண்டு. ஹெர்ன்லே என்னும் அறிஞர் 1880 இல் தொடங்கிய ஒரு கொள்கையை அவர் விரிவுபடுத்தினார். ஆரிய மொழி பேசியோர் இரு அலைகளாக வந்தனர். பின்வந்தோர் நடுநாட்டைக் கைக்கொள்ள, முன்வந்தோர் சுற்றிலும் ஒதுங்கினர். ஆகவே வங்கம், ஒடியா, பிகாரி, மராத்தி, சிந்தி முதலியவை புறவட்ட மொழிகள், மேலை இந்தியும் அதைச் சார்ந்தவையும் அகவட்ட மொழிகள் என்பது அக்கொள்கை. இதற்குச் சான்றுகள் காட்டினார். போனான் என்பதற்கு இந்தியில் கயா. மராத்தியிலோ கேலா, வங்கத்தில் கேலோ, மைதிலியில் கேல். தொலைதூரத்து மராத்தியும் வங்கமும் லகரத்தில் ஒன்றுபடுவது கண்ணைக் கவரும் ஒற்றுமைதான்.

வங்க அறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜி, வங்க மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றித் தாம் 1926 இல் வெளியிட்ட பெருநூலில் இக்கொள்கையை மறுத்தார். அந்த லகரம் பிராகிருத விகுதி ஒன்றின் எச்சம் என்றும், இத்தகைய ஒற்றுமைகள் தனித்தனியே தோன்றியிருக்கக் கூடும் என்றும், இவற்றைக் கொண்டு இரு கூட்டத்தாரின் வருகையை நிறுவ இயலாது என்றும் காட்டினார். பெரும்பாலோர் சாட்டர்ஜியின் பக்கமே நின்றனர். அண்மைக் காலத்தில் சில ஆய்வாளர் பழைய கொள்கையின் சில கூறுகளை மீண்டும் எடுத்துப் பேசுகின்றனர். அது எவ்வாறாயினும், இங்கே நாம் போற்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தம் கொள்கையை மறுத்த அந்நூலுக்கு முன்னுரை எழுதி வாழ்த்தியவர் கிரியர்சனே. அறிவுலகில் இப்பண்பு அரிதினும் அரிது.

இத்தவற்றின் வேர் எங்கே உள்ளது என்பதையும் நாம் எண்ண வேண்டும். இந்தோ-ஆரியம் என்பது மொழிக்குடும்பத்தின் பெயர். குருதியின் பெயர் அன்று. மொழி ஒரு மக்களிடமிருந்து மற்றொரு மக்களுக்குச் செல்லும். வென்றோர் மொழியைத் தோற்றோர் ஏற்பர். வணிகர் மொழியை உழவர் ஏற்பர். பில் மக்கள் இன்று பேசுவது இந்தோ-ஆரிய மொழியே. மொழியின் உறவைக் கொண்டு இனத்தின் வழியை வரையப் புகுந்தது அக்கால அறிஞர் பலரின் பொதுப்பிழை. கிரியர்சனும் அதற்கு விலக்கல்லர்.

வடமேற்கு மலைமொழிகளைப் பற்றியும் அவர் ஒரு தனிக்கொள்கை கொண்டிருந்தார். காஷ்மீரியை உள்ளிட்ட தர்து மொழிகளைப் பைசாச மொழிகள் என 1906 இல் பெயரிட்டு, அவை இந்தோ-ஆரியமும் அல்ல, ஈரானியமும் அல்ல, மூன்றாவது கிளை என்றார். குணாட்டியர் பைசாச மொழியில் பிருகத்கதையை இயற்றினார் என்னும் மரபைத் தமிழர் அறிவர். கொங்குவேளிரின் பெருங்கதைக்கு மூலம் அக்கதையே. பிற்கால ஆய்வு, குறிப்பாக நார்வே நாட்டு மார்கன்ஸ்டியர்ன் செய்த ஆய்வு, தர்து மொழிகள் இந்தோ-ஆரியமே என்றும், அவற்றுக்கு அப்பாலுள்ள நூரிஸ்தான் மொழிகளே தனிக்கிளை என்றும் தெளிவித்தது. மூன்றாவது கிளை ஒன்று உண்டு என்பதில் கிரியர்சன் தவறவில்லை. அதன் எல்லையை வரைவதில் தவறினார்.

முதியவர் நாவில் இருந்த லல்லா

காஷ்மீரி மொழிக்கு அவர் ஆற்றிய தொண்டைத் தனியே சொல்ல வேண்டும். ஈசுவர கௌலர் சமஸ்கிருதத்தில் எழுதிய காஷ்மீரி இலக்கணத்தைப் பதிப்பித்தார். 1916 முதல் 1932 வரை காஷ்மீரிப் பேரகராதியைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். பண்டிதர் முகுந்தராம சாஸ்திரி அப்பணியில் அவருக்குத் துணை நின்றார்.

பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த லல்லா என்னும் சைவப் பெண்துறவியின் பாடல்களைப் பதிப்பிக்க அவர் விரும்பினார். நம் காரைக்கால் அம்மையாரை நினைவூட்டும் பெருமாட்டி அவர். ஏடுகளைத் தேடுமாறு முகுந்தராமரிடம் வேண்டினார். நல்ல ஏடு கிடைக்கவில்லை. மாறாக, குஷ் என்னும் சிற்றூரில் தர்மதாச தர்வேஷ் என்னும் முதிய அந்தணர் கிடைத்தார். லல்லாவின் பாடல்களை வழிவழியாக மனப்பாடமாகக் காத்துவந்த குடும்பத்தவர் அவர். அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பாடல்கள், லயனல் பார்னெட்டின் துணையுடன் 1920 இல் நூலாயின. ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கவிதை ஒரு முதியவரின் நாவிலிருந்து தாளுக்கு வந்தது. அவ்வாறே, ஹாதிம் என்னும் செக்குத் தொழிலாளி 1896 இல் ஆரல் ஸ்டைனுக்குச் சொன்ன கதைகளும் பாட்டுகளும், கிரியர்சன் கைப்பட்டு 1923 இல் வெளிவந்தன. எழுத்தறியாக் கதைசொல்லி ஒருவரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அறிஞர் நூல் அது.

முதுமையும் புகழும்

மொழியளவைப் பணிக்காகக் கிரியர்சன் இங்கிலாந்துக்குத் திரும்பியிருந்தார். 1903 இல் ஆட்சிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், காம்பர்லி என்னும் ஊரில் தங்கி, எஞ்சிய தொகுதிகளை அங்கிருந்தே முடித்தார். மொழிகள் வழங்கிய நிலம் ஓரிடம். அவற்றை ஆராய்ந்த மேசை வேறிடம். 1912 இல் சர் பட்டமும், பணி முடிந்த 1928 இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் பெருஞ்சிறப்பும் அவருக்குக் கிடைத்தன. 1941 மார்ச்சுத் திங்களில், தொண்ணூறு வயது நிறைந்தவராய் மறைந்தார்.

அவர் பணியின் குறைகள் வெளிப்படையானவை. மாதிரிகளைத் திரட்டியோர் பெரும்பாலும் மாவட்ட அலுவலரும் பள்ளியாசிரியரும் எழுத்தருமே. மொழிநூற் பயிற்சி உடையோர் சிலரே. கதை சொன்ன நாட்டு மக்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. பெருநூலின் அட்டையில் ஒருவர் பெயர் நிற்க, அதற்கு வாய் தந்தோர் பெயரற்று மறைந்தனர். ஆட்சி செய்வோர் ஆளப்படுவோரை வகைப்படுத்திய பணி அது என்பதையும் மறுக்க இயலாது.

ஆயினும் அவர் எழுதிவைத்தது, அந்த மக்களின் பேரர்களுக்கு ஆவணமாயிற்று. மைதிலி இந்தியின் கிளையும் அன்று, வங்கத்தின் கிளையும் அன்று என்னும் வழக்கில் அவர் இலக்கணம் சான்றாக நின்றது. 1965 இல் சாகித்ய அகாதெமி மைதிலியை இலக்கிய மொழியாக ஏற்றது. 2003 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் அதனை எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. அவர் நான்காம் தொகுதியில் இடம்பெற்ற சந்தாளியும் உடன் சேர்ந்தது. போஜ்புரியும் மகஹியும் அப்போது சேர்க்கப்படவில்லை. 2010 இல் கணேஷ் தேவி தொடங்கிய மக்கள் மொழியளவை, அந்தந்த மொழி பேசுவோரையே எழுதச் செய்து 780 மொழிகளைக் கணக்கிட்டது. கிரியர்சனிடம் இருந்த பெருங்குறையை அம்முயற்சி தீர்க்க முயன்றது எனலாம்.

கவிஞர்களாகிய நாம் அவரிடம் கற்க வேண்டியது ஒன்றே. அவர் கவிஞர் அல்லர். ஆனால் கேட்கத் தெரிந்தவர். திரிகைப் பாட்டை இலக்கியம் அன்று எனத் தள்ளவில்லை. செக்குத் தொழிலாளியின் கதையைத் திருத்தி எழுதவில்லை. சொன்னவர் சொன்னபடியே எழுதிவிட்டு, அதன் பிறகே அதன் இலக்கணத்தைத் தேடினார். நம் ஊர்களிலும் தெம்மாங்கும் ஒப்பாரியும் பாடிய முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். குஷ் கிராமத்து முதியவரைத் தேடி ஒருவர் சென்றதால் லல்லா நமக்குக் கிடைத்தார். நாம் தேடிச் செல்லாத முதியோர் எத்தனை பேர் என்பதை இப்பத்தாம் ஆண்டில் நம் வட்டத்தார் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நன்று. அடுத்த பத்தாண்டில், பாட்டோடு பாடியவர் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதிவைப்போமாயின், கிரியர்சன் விட்ட குறையை நம் அளவில் நிறைவு செய்தவர் ஆவோம்.